அது உள்ளே போனால்

மூக்கை உள்ளே விடக் கூடாதாம். வயிறு பெருத்து வாய் குறுகிய அந்தக் குட்டி கிளாஸை முகத்துக்கு நேராகப் பிடித்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலேயே மூக்கை நிறுத்தி, வாயையும் லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார்க்க வேண்டுமாம். "வாய மூடிக்கிட்டு மோந்தீங்கன்னா நேரா மண்டைல ஏறி அடிச்சிரும். இந்த விஸ்கி வயசுல சின்னவன். சின்னவனுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சந்தானராஜ் சிரித்தார், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அடிச்சிரும் என்ற சொல்லுக்கு இத்தனை பேரால் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்க முடிகிறதே என்று திலகவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், கடைசியில் பார்வை சந்தானராஜின் வாயில் வந்து நின்றது. வரிசையான, பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட பற்கள். இந்த கிளாஸை அந்த வாய்க்குள் செருகி, தாடையில் கீழிருந்து ஒரு குத்து விட்டால் கண்ணாடி முதலில் உடையுமா, பல் முதலில் உடையுமா? கண்ணாடிதான். மெல்லிசுக் கண்ணாடி, உடைந்தால் அதுவே கத்தி. ஈறு கிழியும், நாக்கின் நடுவே கோடு விழும், இந்த வெள்ளை மேசைத்துணி இருக்கிறதே, இஸ்திரி மடிப்புகூடக் கலையாத இந்தத் துணி. அதற்குமேல் ஓடவிடாமல் பிடித்து நிறுத்தி, ஒன்றை மட்டும் மனசுக்குள் அடிக்கோடு போட்டுக்கொண்டாள்: இன்னும் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அந்த மனுஷன் அவளுக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. கப்பலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, புதுச்சேரியில் கடலோரத் தெரு ஒன்றில் இருக்கிற இந்த ஓட்டலின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆட்களைக் கூட்டி வைத்து விஸ்கியை ருசித்துக் குடிப்பது எப்படி என்று சொல்லித்தருகிறார், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து கிளாஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃப்ளோரினுக்குத் தாய்மாமன். ஃப்ளோரின் விடுதியில் திலகவதியின் அறைத்தோழி. அதனால்தான் இரண்டு பேருக்கும் காசில்லாமல் நாற்காலி. "என்னடி வக்கீலம்மா, எங்க மாமாவ ஏன் மொறைக்கற?" என்று ஃப்ளோரின் கிசுகிசுத்தாள். சமூகவியல் ஆராய்ச்சி மாணவியை வக்கீல் ஆக்கியது விடுதிதான், சாம்பாரில் உப்பு கூடினாலும் அதற்கு இரண்டு பக்கமும் எடுத்துப் பேசுகிறவள் என்று. "மொறைக்கல. மூஞ்சியே அப்படித்தான்" என்றாள். அது பொய்யில்லை. அப்பாவின் முகவாய் அவளுக்கு.

அந்த முகவாயை வைத்துக்கொண்டுதான் குடிக்க வந்திருக்கிறாள், இருபத்து நாலு வயசில் முதல்தடவையாக, ஆசைக்கு இல்லை, ஒரு வழக்கை முடித்துவைக்க. நேற்று அம்மா போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கௌசல்யா அத்தை அப்பாவைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டி வீட்டுக்கு வரப்போகிறாள் என்றாள். கூட்டிக்கொண்டு வருவது என்றால் விட்டுவிட்டுப் போவதற்கு. அம்மாவின் இடது காது செத்துப்போனதற்கு மறுநாள் அத்தைதான் தன் அண்ணனைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துக்கொண்டு போனவள். குடியை நிறுத்த வைக்கிற ஓர் இடத்தில் சேர்த்து, வெளியே வந்ததும் தன் புருஷனின் சிமெண்டுக் கடையில் உட்கார வைத்து, வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மனுஷன் தொடுவதே இல்லையாம். கடைக்கு நாலு கடை தள்ளி டாஸ்மாக் இருந்தும் அந்தப் பக்கம் தலை திருப்புவதில்லையாம். "குடிதானடி எல்லாத்தையும் பண்ணிச்சி" என்றாள் அம்மா, வலது காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டுதான் பேசியிருப்பாள். "அது உள்ள போனா அவரு அவரில்ல. இப்பதான் அது இல்லன்னு ஆயிப்போச்சே. நீ வேணாங்கறியா, சொல்லிடு, நான் கதவத் தெறக்கல. சரிங்கறியா, சரி. எனக்கு ரோசன பண்ணத் தெம்பு இல்ல திலகா." நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்றேன் என்று இவள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, ஏனென்றால் அத்தையின் கட்சி லேசுப்பட்ட கட்சி இல்லை. அடித்தது குடி என்றால், குடி போனதும் அடியும் போயிற்று. வருகிறவர் வெறும் தணிகாசலம், சிமெண்டுக் கடையில் கணக்கு எழுதுகிற, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆள், அவரை வாசலில் நிற்க வைப்பது அநியாயம். அடித்தது கை என்றால் அந்தக் கை இன்னும் அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. குடியை நிறுத்திவிட்டார், சரி. கையை? இதை அத்தையிடம் கேட்டால், நீ என்ன கண்டே, குடிச்சவனுக்குத் தெரியும் அது என்னா பண்ணுதுன்னு என்பாள். ஏற்கெனவே ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். குடிக்காத வாய் குடியைப் பற்றிப் பேசக் கூடாதாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் அத்தை. குடித்துவிட்டே பேசுகிறேன். உள்ளே போனால் என் கையும் தானாக எழுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். நான் அவர் பெண்தானே, அதே கட்டைவிரல், அதே முகவாய், இதைவிடப் பொருத்தமான சோதனை எலி கிடைக்குமா உனக்கு. பாருக்குத் தனியாகப் போனால் குடிப்பதற்கு முன்பே நாலு பேரை அடிக்க வேண்டி வந்துவிடும், அது சோதனையைக் கெடுக்கும். அதனால் இந்த மாடி, இந்த வெள்ளைத் துணி, இந்தப் பல்லுக்காரர்.

"இப்ப மோந்து பாருங்க. எது தோணுதோ அத சொல்லுங்க, தப்பு ரைட்டுன்னு ஒண்ணும் கிடையாது" என்றார் சந்தானராஜ். திலகவதி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மோந்தாள். முதலில் ஒன்றுமே இல்லை, ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தடவுவார்களே, அந்தக் குளிர்ந்த வாடைதான். பிறகு அதன் அடியிலிருந்து பச்சை ஆப்பிள், பழுக்காத வாழை, கேக்கில் போடுகிற வெனிலா. "ஐஸ்கிரீம்" என்றார் யாரோ. "பேரிக்கா" என்றாள் ஃப்ளோரின். எதிரே உட்கார்ந்திருந்த, தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட கடலூர் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "தேங்கா. நல்லா தேங்கா வருது. பீச்சுல படுத்துக்கிட்டிருக்கற மாதிரி" என்றார். "சபாஷ் டாக்டர்" என்றார் சந்தானராஜ், "அமெரிக்கன் ஓக் பீப்பாயோட கையெழுத்தே அதான். அந்த மரத்துலயே தேங்கா வாசன இருக்கு." அவர்கள் சொன்ன பிறகுதான் அவளுக்கும் வந்தது, வந்த பிறகு வேறு ஒன்றும் வரவில்லை. தேங்காய் எண்ணெய். பீச்சாம். தேங்காய் எண்ணெயும் சாராயமும் ஒரே மூச்சில் கலந்து வருகிற வாடை அவளுக்குத் தெரியும், அதற்குக் கடற்கரை வேண்டியதில்லை, பத்துக்குப் பத்து அறை போதும். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி முடித்த சடை, அதைச் சுற்றிச் சுற்றி முஷ்டியில் ஏற்றிக்கொண்ட கை. கிணற்றில் கயிற்றைச் சுற்றுகிற மாதிரி. சுவரில் மோதும்போது தலை எழுப்பும் சத்தம் பலகை எழுப்பும் சத்தம் மாதிரி இருக்காது, ஈரமாக இருக்கும், நல்ல பழுத்த பழத்தைக் கீழே போட்ட மாதிரி. அப்பாவின் வாயில் பிராந்தி வாடை. கையில் அம்மாவின் தலை வாடை. எல்லாம் முடிந்ததும் அந்தக் கையைக் கதவுத் திரையில் துடைப்பார். நீலப் பூப்போட்ட திரை, நடு உயரத்தில் எண்ணெய் ஏறி ஏறி அந்த இடத்துப் பூக்கள் மட்டும் கறுத்துப் போயின. அம்மா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று சந்தானராஜ் அவளைப் பார்த்துக் கேட்டார். மேசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. கதவுத் திரை என்று சொல்லலாம். சொன்னால் டாக்டர் கண்ணைத் திறப்பார். "தேங்கா எண்ண" என்றாள். "எண்ண, கரெக்ட். சும்மா தேங்கா இல்ல. ரொம்ப நல்ல மூக்கு உங்களுக்கு" என்றார் அவர். அந்தப் பாராட்டுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவளுக்குத் தீப்பிடித்தது. பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மிச்சத்தை டாக்டரின் மூடிய இமைகளுக்கு நேராகக் கொண்டுபோனாள், மனசுக்குள்தான், ஆனால் உள்ளங்கையில் பாட்டிலின் கனம் நிஜமாகவே தெரிந்தது. இன்னும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இதையும் குறித்துக்கொள் அத்தை.

சந்தானராஜ் பீப்பாயைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். புதுப் பீப்பாயை அமெரிக்காவில் செய்வார்கள், உள்பக்கத்தை நெருப்பு வைத்துக் கொளுத்துவார்கள், சும்மா வாட்டுவது இல்லை, கரி பிடித்து வெடிக்கிறவரை. அப்புறம் அதில் அவர்கள் ஊர் பர்பன் விஸ்கியை ஊற்றி வைப்பார்கள். பர்பன் என்றால் எப்போதும் புதுப் பீப்பாய்தான் வேண்டும், சட்டமே அப்படி. அதனால் ஒரு தடவை எடுத்ததைத் தூக்கிக் கப்பலில் ஏற்றி ஸ்காட்லாந்துக்குத் தள்ளிவிடுவார்கள், ஸ்காட்லாந்துக்காரன் அதைத் துடைத்து வைத்துக்கொண்டு தன் சரக்கை அதில் ஊற வைப்பான். "எரிஞ்ச மரத்துலருந்துதான் இந்த இனிப்பு வருது. நெருப்பு படலன்னா மரம் ஒண்ணும் குடுக்காது" என்றார். ஆ, வந்துவிட்டது, இதற்காகத்தான் காத்திருந்தாள். "மரம் குடுக்குதா, நீங்க எடுக்கறீங்களா சார்?" என்றாள். அவர் புருவத்தைத் தூக்கினார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா." "ஒண்ணு இல்ல. கொளுத்திட்டு, எரிஞ்சதுனாலதான் இனிக்குதுன்னு சொல்றது கொளுத்தினவங்க கட்டற கத. மரத்தக் கேட்டா வேற சொல்லும்." ஃப்ளோரின் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். "மாமா, இவகிட்ட மாட்டாதீங்க, இவ பீப்பாய்க்கும் சங்கம் வெச்சிடுவா." எல்லோரும் சிரித்தார்கள், சந்தானராஜும் சிரித்தார், "தலைவி நீங்க இருங்கம்மா, நான் சந்தா கட்டறேன்" என்றார். கோபித்துக்கொள்ளாத ஆளை என்ன செய்வது. திலகவதிக்குத் தன் வாதத்தின் மீதே எரிச்சல் வந்தது. பீப்பாய்க்கும் அம்மாவுக்கும் முடிச்சுப் போடுவது மலிவு, பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிற வேலை. அம்மா இனிக்கவில்லை. எரிந்ததால் ஒன்றும் ஊறி வரவில்லை. கூப்பிட்டால் இடது பக்கம் திரும்பமாட்டாள், அவ்வளவுதான் கிடைத்தது. கரியானது கரி. அதில் எதையாவது ஊற்றி வைத்துப் பதம் பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து ஆள் வரப்போவதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்துதான் வருகிறார்கள்.

"சரி, வாய்ல விட்டுப் பாக்கலாம். கொஞ்சம். முழுங்கிடாதீங்க, நாக்குல எல்லாப் பக்கமும் உருட்டுங்க. முழுங்கப் புடிக்கலன்னா இதுல துப்பிடலாம்" என்று ஆளுக்கொரு பீங்கான் கிண்ணத்தைக் காட்டினார். திலகவதி உதட்டில் வைத்தாள். நாக்கின் நுனியில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு கணம் ஏமாற்றியது, அடுத்த கணம் பாய்ந்தது. மிளகாய் இல்லை, மிளகு இல்லை, நெருப்பிலேயே பல் முளைத்த மாதிரி ஒன்று நாக்கின் இரண்டு ஓரத்தையும் கவ்விப் பிடித்துக்கொண்டு ஈறுகளில் ஏறி, கன்னத்தின் உட்பக்கத் தோலை உரித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இதைத்தான், இதைத்தானா ஒருவர் தினமும், அதுவும் ஒரே மடக்கில், தலையை அண்ணாந்து. டாக்டர் நாசூக்காகத் துப்பினார். ஃப்ளோரினும் துப்பிவிட்டு, "துப்புடி, பைத்தியம்" என்றாள். துப்பினால் சோதனை ஏது. விழுங்கினாள். தொண்டைக்குள் அது இறங்குகிற பாதை முழுக்கத் தெரிந்தது, எக்ஸ்ரேயில் காட்டுகிற மாதிரி, நெஞ்செலும்புக்குப் பின்னால், வயிற்றின் வாசலில். அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அது உள்ளே. இன்னொரு வாய் எடுத்து அதையும் விழுங்கினாள். ஃப்ளோரின் தன் கிளாஸை இவள் பக்கம் நகர்த்தியபோது அதையும். பிறகு இரண்டு கைகளையும் மேசைத்துணி மேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பாம்புப் பொந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. பயம் அப்போதுதான் வந்தது, அதுவரை வாதம் அதை அண்டவிடவில்லை. எழுந்துவிட்டால் என்ன செய்வாய்? உன் கை எழுந்து இதோ ஃப்ளோரினின் கன்னத்தில் அறைந்துவிட்டால்? அத்தை ஜெயித்துவிடுவாள், அதுகூடப் பரவாயில்லை, அப்புறம் உன் மிச்ச ஆயுசுக்கும் இந்தக் கையோடு நீ எங்கே போவாய்? யாரோடு ஓர் அறையில் இருப்பாய்? காது சூடானது. உதடு மரத்தது. மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. ஃப்ளோரின் காதோரம் வியர்த்த முடியை ஒதுக்கிக்கொண்டது ஏனோ ரொம்ப அழகாக இருந்தது. சந்தானராஜ் கப்பலில் நடந்த ஏதோ கதை சொன்னார், சமையல்காரன் ஒருத்தன் வினிகரை ஒயின் என்று நினைத்துக் குடித்த கதை, அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு. சிரித்த பிறகுதான் துணுக்குற்றாள்: கோபம் எங்கே போயிற்று? காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டு வந்த அந்தக் கனத்தை யாரோ வாங்கி ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே போனது, கையை எழுப்பவில்லை. இருந்த கோபத்தையும் இறக்கி வைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து, சந்தானராஜ் அவள் பின்னால் வந்து நின்று, "கிளாஸ வயித்துல புடிக்காதீங்கம்மா, சூடேறிடும். அடியில புடிங்க" என்றபடி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். பிடித்த மாத்திரத்தில் முதுகெலும்பு விறைத்தது. இறங்கியிருந்ததெல்லாம் ஒரே எட்டில் திரும்பி ஏறிக்கொண்டது. முழங்கையைப் பின்னால் ஓங்கி அவர் விலாவில் இறக்கி, குனிகிற முகத்தை மேசை விளிம்பில் வைத்து மோதி, மோதி, அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக, அரை வினாடியில் அத்தனையும் நடந்து முடிந்தது, ரத்தத்தின் உப்புக்கூட நாக்கில் தட்டியது. கை அவர் பிடியிலேயே இருந்தது. நடுங்கவில்லை. "விடுங்க சார்" என்றாள். அவர் உடனே விட்டுவிட்டார். "சாரிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான். உள்ளே மூன்று நாலு வாய் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தொட்டதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது, கை எழவில்லை. பார்த்தாயா அத்தை. ஆனால் அத்தை உடனே மடக்கினாள், அவள் மண்டைக்குள் இருக்கிற அத்தை நிஜ அத்தையைவிடக் கெட்டிக்காரி: நாலு வாய் ஒரு குடியாடி? உங்கப்பன் முழு பாட்டில். உனக்கு ஒரு உடம்பு, அவனுக்கு ஒரு உடம்பு. நீ பொம்பள, அவன் ஆம்பள. ஒரு ஆளு மேல பாத்ததெல்லாம் ஒரு ஆராய்ச்சியா, இதுக்குத்தான் ஊட்லருந்து அவ்ளோ தூரம் போயிப் படிக்கறியா? ஆராய்ச்சி இல்லைதான். எந்தப் பேராசிரியரிடம் கொண்டுபோனாலும் கிழித்துப் போடுவார். இதை வைத்துக்கொண்டா அம்மாவுக்குப் பதில் சொல்வது? எனக்குக் கை எழவில்லை, அதனால் அவரை உள்ளே விடாதே என்றா? சாயந்தரம் ஆகிக்கொண்டிருந்தது. கடலோரச் சாலையில் போக்குவரத்துப் போலீஸின் விசில் சத்தம் கேட்டது. அத்தையும் அப்பாவும் பாதி வழி தாண்டியிருப்பார்கள்.

"இப்ப சொட்டுத் தண்ணி விடப்போறோம்" என்று ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சந்தானராஜ் ஒவ்வொருவரிடமாக வந்தார், அவளிடம் வரும்போது மட்டும் எட்ட நின்றே கையை நீட்டி விட்டார். "தண்ணி பட்டா வாசனை இன்னும் வெளிய வரும். கவனமா மோந்து பாருங்க." டாக்டரின் அருகே போனவர் நின்று மூக்கை உறிஞ்சினார். "சார், வாட்ச் பட்டை புது லெதரா? அந்த வாடை கிளாஸ் கிட்ட வருது. கழட்டி வெச்சிட்டீங்கன்னா நல்லாருக்கும்." "ஓ, சாரி சாரி" என்று டாக்டர் இடது மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டார். பட்டையின் நுனியைப் பின்னால் தள்ளி, கொக்கியிலிருந்து முள்ளை விடுவித்து, உருவி எடுத்து, கைக்குட்டையை மடித்துப் போட்டு, அதன்மேல் கண்ணாடி மேலே பார்க்கும்படி வைத்தார். ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இதை எங்கே பார்த்தேன், இதே வரிசையில், பட்டையின் நுனி, முள், உருவுவது, வைப்பது. டிவி பெட்டி. பழைய, முதுகு பெருத்த டிவி, மேலே அம்மா குரோஷா நூலில் பின்னிய விரிப்பு. அப்பா வாசல் தாழ்ப்பாளைத் தடவித் தடவித் தேடி, அது கிடைக்காமல் கெட்ட வார்த்தையில் திட்டி, செருப்பைக் கழற்றத் தெரியாமல் செருப்போடு உள்ளே வருவார். நேராக டிவியிடம் போய் நிற்பார். அம்மாவின் அப்பா கல்யாணத்தில் போட்ட தங்க முலாம் வாட்ச், தோல் பட்டை. முள் ஒரே தடவையில் விடுபடும். தடுமாற்றமே இல்லை. விரிப்பின் நடுவில், கண்ணாடி மேலே பார்க்க வைப்பார், கோணலாக இருந்தால் விரலால் நேராக்குவார். அதற்குப் பிறகுதான் திரும்புவார். கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற இவள் அந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதைப் பார்த்தால் அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. நொடி முள் துள்ளித் துள்ளிப் போகும். சத்தம் மட்டும் கேட்கும். அத்தனை வருஷம் பார்த்ததை ஒருநாளும் யோசித்ததில்லையே, எத்தனை மேடையில் எத்தனை வாதம் பேசியிருக்கிறாய், மூதேவி, இது கண்ணெதிரே இருந்ததே. கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. கை எங்கே போய் விழப்போகிறது, எவ்வளவு வேகமாக விழப்போகிறது, எதில் மோதினால் எது உடையும், எல்லாம் தெரிந்திருக்கிறது. திரும்புவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தான் யாரென்று தெரியாத ஆள் வாட்சைக் கழற்றுவானா? அவர் அவர்தான். ஒரு நாள்கூட அவர் வேறு ஆளாக இருந்ததில்லை. கிளாஸில் மிச்சம் இருந்ததை அவள் குடிக்கவில்லை, அதற்கு இனி வேலை இல்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "எங்கடி?" என்றாள் ஃப்ளோரின். "அம்மாகிட்டப் பேசணும்."

படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது, மஞ்சள் சுவரும் வெள்ளைச் சுவரும் கண்ணைக் குத்தின. போன் எடுப்பதற்கு முன்பே என்னென்ன பேச வேண்டும் என்று அடுக்க ஆரம்பித்தாள், முதலில் அத்தையின் கட்சியைச் சொல்லி, அதை ஒப்புக்கொள்கிற மாதிரி கொஞ்ச தூரம் கூடவே போய், அப்புறம் வாட்சை எடுத்து வைத்து. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது அம்மாவின் குரல் குசுகுசுவென்று வந்தது. "திலகா, வந்துட்டாங்கடி. சீக்கிரமே வந்துட்டாங்க. கதவு தெறந்து கெடந்திச்சி, நேரா உள்ள வந்து கூடத்துல ஒக்காந்துட்டாங்க. நான் தோட்டத்துப் பக்கம் வந்து பேசறேன். ஆளு எளச்சிப் பூட்டாரு. நல்லாருக்கியான்னு கேட்டாரு. நீ என்னா சொல்ற?" அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. கூடத்தில், அந்த நாற்காலியில், அவர் உட்கார்ந்திருக்கிறார். இவள் இங்கே வாயில் சாராய வாடையோடு நடுத்தெருவில். பண்ருட்டிக்கு ஒரே ஓட்டமாக ஓடி, அந்த நாற்காலியை அவரோடு சேர்த்துத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, வாசற்படியில். நாக்கு தடித்திருந்தது. "அம்மா" என்றாள். "அடிக்கறதுக்கு முன்னாடி வாட்ச்சக் கழட்டுவாருல்ல. டிவி மேல வெப்பாருல்ல." அம்மா போனை இடது காதில் வைத்துவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தாள். துவைக்கிற கல்லில் குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது, தூரத்தில் அத்தையின் குரல், என்னா அண்ணி, பின்னாடியே நின்னுட்ட. "அது நீ பாத்தது" என்றாள் அம்மா. குசுகுசுப்பு போய்விட்டிருந்தது, சாதாரணக் குரல், மளிகைக்கடையில் பேசுகிற குரல். "மத்த நாள்ல எங்கிட்டதான் குடுப்பாரு. பத்தரமா வையி, ஒங்கப்பன் போட்டதுன்னு சொல்லிக் குடுப்பாரு. நானும் வாங்கிக் கொண்டுபோயி பீரோவுல வெச்சிட்டு வந்து நிப்பேன்." திலகவதி பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சொட்டுச் சத்தம் நின்றது, அம்மா குழாயை இறுக்கி மூடியிருக்க வேண்டும். "சரி, நீ போனை வையி" என்றாள் அம்மா. "காப்பி போட்டுக் குடுத்து ரெண்டு பேரையும் அனுப்பிடறேன். ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு."